அந்தி சாயும் நேரத்தில் தோட்டத்துக்குள் மான்: சேர்வராயன் மலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏற்காட்டிலோ அதன் அடிவாரத்திலோ புதிதாக நிலம் வாங்கியிருக்கிறீர்களா? காபித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறீர்களா? விடுதி நடத்த வந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் என்றாவது ஒரு நாள் மாலை மங்கும் நேரத்தில் ஒரு மான் உங்கள் எல்லைக்குள் நிற்கும். நட்ட கன்றைக் கடித்துக்கொண்டு நிற்கலாம். நாய் கடித்தோ, கம்பிச் சுருக்கில் மாட்டியோ, எங்கிருந்தோ குண்டடிபட்டோ இரத்தம் ஒழுக உள்ளே ஓடி வந்து மறையலாம். அப்போது உங்களைச் சுற்றி நாலு பேர் கூடுவார்கள். ஒருவர் சுட்டுவிடலாம் என்பார். இன்னொருவர் இருட்டுவதற்குள் தேடிப் பிடித்துவிடலாம் என்பார். மூன்றாமவர் எதையும் பார்க்காதது போல வீட்டுக்குள் போய்விடச் சொல்வார். யாருக்கு போன் செய்வது, காலையில் எந்தத் தாளில் என்ன எழுதிக் கொடுப்பது என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது.

அடிபட்ட கடமான் ஒன்றால் இந்த அலைச்சல் முழுவதையும் பட்டவன் என்பதால் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அந்த இரவு கொஞ்சம் சுலபமாகக் கழிய வேண்டும்.

1. சுடலாமா என்ற கேள்வியை இன்றே முடித்துவிடுங்கள்

மான் வந்து நிற்கும்போது இதை யோசிக்கக் கூடாது. பதில் ஒன்றுதான்: சுடக் கூடாது. உங்கள் பட்டா நிலமாக இருந்தாலும், பயிரைத் தின்றாலும், ஏற்கெனவே அடிபட்டுத் துடித்துக்கொண்டிருந்தாலும் சுடக் கூடாது.

புள்ளிமானும் கடமானும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. அந்தச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் இரண்டு அட்டவணைகளில் உள்ள எந்த விலங்கையும் வேட்டையாட 9ஆம் பிரிவு தடை விதிக்கிறது. வேட்டை என்றால் சுட்டுக் கொல்வது மட்டுமில்லை. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, பிடிப்பது, காயப்படுத்துவது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். பொதுவான தண்டனை 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் அட்டவணை விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. இந்த மலையில் அடிக்கடி கண்ணில் படும் காட்டெருமை அந்த முதல் அட்டவணையில் இருக்கிறது. பயன்படுத்திய துப்பாக்கியும் வண்டியும் பறிபோகலாம். தண்டனை பெற்றவரின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்து, 5 ஆண்டுக்குப் புதிய உரிமம் பெற முடியாதபடி நீதிமன்றம் உத்தரவிடவும் முடியும்.

"பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய துப்பாக்கி இருக்கிறதே" என்று பலர் கேட்கிறார்கள். ஆயுதச் சட்டத்தின் கீழ் பயிர்ப் பாதுகாப்புக்காக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் உண்டு என்பது உண்மைதான். அந்த உரிமம் துப்பாக்கியை வைத்திருப்பதற்கு. மானைச் சுடுவதற்கான அனுமதி அதில் இல்லை. பயிருக்குக் கேடு செய்கிற விலங்கையோ, பிழைக்க வழியில்லாத அளவுக்கு அடிபட்ட விலங்கையோ கொல்ல வேண்டுமென்றால், 11ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். ஊராட்சித் தலைவர் தலையசைத்தார், பக்கத்துத் தோட்டக்காரர் எப்போதும் அப்படித்தான் செய்கிறார் என்பதெல்லாம் உங்களைக் காப்பாற்றாது.

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வன வழக்கோடு ஆயுத வழக்கும் சேர்ந்துகொள்ளும். துப்பாக்கிக்காரர் மலைக்காட்டில் மறைந்துவிடுவார். நிலத்தின் பட்டா உங்கள் பெயரில் இருக்கும்.

உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காக ஒரு விலங்கைக் காயப்படுத்த நேர்ந்தால் அது குற்றமாகாது என்று அதே 11ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் சட்டத்தை மீறிய காரியம் எதையும் செய்துகொண்டிருக்கக் கூடாது. விலங்கும் அரசின் சொத்தாகிவிடும். காட்டெருமை பாய்ந்து வந்தால் இந்த விதிக்குப் பொருள் உண்டு. மானுக்கு இதைச் சொன்னால் எந்த அதிகாரியும் நம்பமாட்டார்.

காட்டுப்பன்றி விஷயத்தில் மட்டும் ஒரு வேறுபாடு இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுடத் தமிழ்நாடு அரசு 2025இல் வழி செய்தது. அங்கும் சுடுபவர்கள் வனத்துறைப் பணியாளர்கள்தான், விவசாயி இல்லை. "பன்றியைச் சுடலாமாம், அப்படியென்றால் மானையும்..." என்று டீக்கடையில் தொடங்கும் பேச்சை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

2. வெளிச்சம் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்

நமது பகுதியில் நவம்பர் கடைசியில் ஏறத்தாழ 5.50 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஜூலையில் 6.45 வரை இழுக்கும். மறைந்த பிறகு திறந்த வெளியில் இருபது நிமிடம் போல வெளிச்சம் நிற்கும். சமவெளியில் இந்தக் கணக்கு சரி. சில்வர் ஓக் நிழலில் மிளகுக் கொடி படர்ந்த காபித் தோட்டத்துக்குள் சரிவராது. அங்கே சூரியன் மறைவதற்கு முன்பே கண் மங்கத் தொடங்கிவிடும். மேற்கில் குன்று மறைக்கும் சரிவு என்றால் இன்னும் முன்னதாகவே. ஐப்பசி, கார்த்திகை மூடுபனி இறங்கிவிட்டால் கடிகாரத்தைப் பார்த்துப் பயனே இல்லை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். காபிச் செடியின் பழத்தில் சிவப்பையும் பச்சையையும் பிரித்துச் சொல்ல முடியாத வெளிச்சம் வந்துவிட்டால், பாதையை விட்டு இறங்கக் கூடாது. அந்த வெளிச்சத்தில் இரத்தமும் தெரியாது, சருகுக்குள் கிடக்கும் கம்பிச் சுருக்கும் தெரியாது.

3. முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியவை

அடிபட்ட மானைக் கண்டதும் எல்லோரும் ஓடத்தான் நினைப்பார்கள். நிற்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். துரத்தாத மான் பெரும்பாலும் பக்கத்துப் புதரிலேயே போய்ப் படுத்துக்கொள்ளும். பின்னால் ஆள் வருகிறது என்று தெரிந்தால் உயிரைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஓடையைத் தாண்டி ஓடிவிடும். பிறகு வனத்துறையே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. மான் இனம் பயத்தாலேயே சாகக்கூடியது. துரத்தித் துரத்திப் பிடித்த மான், காயம் சிறியதாக இருந்தும், தசைகள் சிதைந்து ஓரிரு நாளில் இறந்துபோவதைக் கால்நடை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள்.

முதல் வேலை, நாய்களைக் கட்டுவது. உங்கள் நாய், மேஸ்திரியின் நாய், தெருநாய் எல்லாவற்றையும்தான். அடிவார ஊர்களுக்கு வழிதவறி வரும் புள்ளிமான்களுக்கு நாய்களால் வரும் ஆபத்து மிகப் பெரியது.

அடுத்து, மானைக் கடைசியாகப் பார்த்த இடத்தில் ஒரு துணியைக் கட்டுங்கள். துண்டு, பிளாஸ்டிக் பை எதுவாக இருந்தாலும் சரி. எந்தத் திசையில் போனது என்பதை நிற்கும் இடத்திலிருந்தே கைப்பேசியில் படம் எடுங்கள். இட அமைவையும் நேரத்தையும் படத்திலேயே பதிக்கும் கேமரா செயலி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் வரைபடச் செயலியில் அந்தப் புள்ளியைச் சேமித்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் ஓரிடத்தில் இருக்கும், பத்தடி தள்ளி இருக்காது. ஆனால் இட அமைவைக் குறிக்கப் பெரும்பாலான கைப்பேசிகளுக்கு சிக்னல் தேவையில்லை.

பிறகு இரத்தத்தைப் பாருங்கள். தொடாமல், பாதையில் நின்றபடியே பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரலில் காயம் என்று அர்த்தம், மான் அதிக தூரம் போயிருக்காது. கருஞ்சிவப்பாகக் கெட்டியாக இருந்தால் ஈரலாக இருக்கலாம். பச்சை கலந்து சாண வாடை அடித்தால் குடலில் காயம். அந்த மான் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும், எழுப்பினால் வெகுதூரம் ஓடும். துளித் துளியாகத் தொடங்கிச் சற்று தூரத்தில் நின்றுபோனால் தசைக் காயம், பிழைக்கவும் வாய்ப்பு உண்டு. இதை நீங்கள் போனில் தெளிவாகச் சொன்னால், வருகிற வனக் காவலர்கள் இப்போதே தேடுவதா, விடியலில் தேடுவதா என்று முடிவெடுக்க அது பெரிய உதவி. மழை வரும்போல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒரு தூறலுக்குப் பின் தடம் எதுவும் மிஞ்சாது.

மின்வேலியிலோ அறுந்த கம்பியிலோ மாட்டியிருந்தால் அருகே போகவே போகாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக அவர்கள் சொன்ன பிறகுதான் அடுத்த அடி.

கிணற்றில் விழுந்திருந்தால் கயிறு போட்டு இழுக்காதீர்கள். தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்துக்கொள்ள ஏதாவது பிடிமானம் கிடைக்குமா என்று பாருங்கள். வாழைத்தண்டு, மூங்கில் கட்டு எதையாவது மெதுவாக இறக்கி விடலாம். மற்றதைத் தீயணைப்புத் துறையும் வனத்துறையும் சேர்ந்து செய்வார்கள்.

4. யாரைக் கூப்பிடுவது

நான் அதிகம் அலைந்தது இந்தப் படியில்தான். சேலம் வனக்கோட்டத்துக்குள் பல வனச்சரகங்கள் இருக்கின்றன. ஏற்காடு, சேர்வராயன் வடக்கு, சேர்வராயன் தெற்கு, டேனிஷ்பேட்டை எல்லாம் தனித்தனிச் சரகங்கள். உங்கள் அஞ்சல் முகவரியில் ஏற்காடு என்று இருப்பதால் உங்கள் தோட்டம் ஏற்காடு சரகத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாலை ஆறு மணிக்கு ஓர் அலுவலகத்தைக் கூப்பிட்டு, அது எங்கள் எல்லை இல்லை என்ற பதில் வந்து, அடுத்த எண்ணைத் தேடி முடிப்பதற்குள் இருட்டிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

அதனால் இந்த வாரத்திலேயே பகல் நேரத்தில் ஒருமுறை போய் வாருங்கள். பட்டா நகலையும் சர்வே எண்ணையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குப் போய், "இந்த நிலம் எந்தச் சரகம், எந்தப் பிரிவு, எந்தக் காவல் சுற்று" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வனச்சரக அலுவலர், வனவர், வனக்காப்பாளர் ஆகியோரின் அலுவல் எண்களைக் கேட்டு வாங்குங்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்களின் அறிமுகமும் வேண்டும். இரவில் முதலில் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான், அந்த மலையின் ஒவ்வொரு ஓடையும் அவர்களுக்குத் தெரியும். எண்களைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் வாட்ச்மேன் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சம்பவம் நடக்கும்போது நீங்கள் சேலத்தில் இருக்கலாம்.

வனத்துறை எண் கிடைக்கவில்லை என்றால் 112க்குக் கூப்பிடுங்கள். காவல் நிலையம் வழியாகத் தகவல் போய்ச் சேரும். யாரிடம் பேசினீர்கள், எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பேசியதையே சுருக்கமாகக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். "இன்று மாலை 6.10க்கு, இன்ன சர்வே எண் நிலத்தில், பின்னங்காலில் காயத்துடன் ஒரு கடமான், வடக்கு ஓடைப் பக்கம் போனது" என்ற நாலு வரி போதும். முதலில் தகவல் கொடுத்தவர் நீங்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் கூட்டம் சேரும், அதில் எல்லோரும் மானைக் காப்பாற்ற வருபவர்களாக இருக்கமாட்டார்கள்.

5. இருட்டிய பிறகு தேடலாமா

கூடாது. நீங்களாகத் தேடக் கூடாது. வனத்துறையினர் வந்து, உங்களைத் துணைக்கு அழைத்தால் மட்டும் அவர்களுக்குப் பின்னால் போகலாம்.

காட்டெருமைதான் முதல் காரணம். அந்தி நேரத்தில் அவை மேய்ச்சலுக்காகத் தோட்டங்களுக்குள் இறங்கும். செடிகளுக்கு நடுவே கறுத்த உடம்பு அசையாமல் நின்றால், டார்ச் வெளிச்சத்திலும் அருகில் போகும்வரை தெரியாது. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். மானைக் காயப்படுத்தியவன் இன்னும் அந்தப் பக்கத்திலேயே மறைந்திருக்கவும் கூடும். அவனும் அதே மானைத் தேடுகிறான் என்பதை மறக்காதீர்கள். இருட்டில் அசைவதை நோக்கிச் சுடுபவனுக்கு ஆள் எது, மான் எது என்று தெரியாது. இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தேவையில்லை.

சட்டச் சிக்கலும் இருக்கிறது. இரவில் டார்ச்சோடும் அரிவாளோடும் அடிபட்ட மானைத் தேடிக்கொண்டிருக்கும் நாலு பேரை ரோந்துக் காவலர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? காப்புக்காட்டின் எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டால் அத்துமீறிய வழக்கும் வரும். நம் மலையில் பல தோட்டங்களின் கடைசி வரிசைச் செடிக்குப் பின்னால் காப்புக்காடுதான் தொடங்குகிறது.

காத்திருக்கும் நேரத்தில் செய்யத் தக்கது இதுதான்: பாதையில், வண்டிக்கு அருகில் அமைதியாக இருங்கள். விளக்கைப் புதர்ப் பக்கம் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். மான் கண்ணெதிரே படுத்துக் கிடந்தால் தண்ணீர் ஊற்றுவது, மஞ்சள் அப்புவது, தலையைத் தடவுவது எதுவும் வேண்டாம். அதன் காதுக்கு நம் குரலே மிரட்டல். நாய் கடித்த மான் என்றால் வெறிநோய்க்கும் இடமுண்டு. எச்சில் உங்கள் கையில் உள்ள கீறலில் பட்டுவிட்டால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

வனத்துறையினர் காலையில் வருகிறோம் என்று சொல்லிவிட்டால் மனம் கேட்காது. எனக்கும் கேட்கவில்லை. ஆனால் குடலில் அடிபட்ட மானை இரவில் எழுப்பிவிடுவதைவிட, விடியலில் ஆறு மணிக்கு நாலு பேர் வரிசையாக நடந்து தேடுவதில்தான் அது கிடைக்கும் வாய்ப்பு அதிகம். விடியும்போது துணி கட்டிய இடத்தில் நீங்கள் தயாராக நில்லுங்கள்.

6. மான் இறந்து கிடந்தால்

இந்த இடத்தில்தான் நல்லவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். உடலை நகர்த்தாதீர்கள், மூடாதீர்கள், இரக்கப்பட்டுக் குழி வெட்டிப் புதைக்காதீர்கள். வன விலங்கின் உடல் 39ஆம் பிரிவின்படி அரசின் சொத்து. அது எந்த வகையில் உங்கள் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் 48 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டாம், பார்த்த உடனே சொல்லுங்கள். கறியோ கொம்போ உங்களிடம் இருந்தால், அது முறையற்றது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

கறியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்ற குரல் கட்டாயம் எழும். "செத்ததைத்தானே தின்கிறோம்" என்பார்கள். ஒரு துண்டு உங்கள் தோட்டத்துச் சமையலறைக்கு வந்தாலும் வழக்கு உங்கள் பெயரில்தான். சமைத்த கறியாக இருந்தாலும் மரபணுச் சோதனையில் எந்த விலங்கு என்று கண்டுபிடிக்க முடியும். ஐதராபாத்தில் உள்ள செல்லுலார் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் இப்படிப்பட்ட மாதிரிகளைச் சோதிக்கிறது. வேலையாட்களிடம் இதை முன்கூட்டியே, கோபப்படாமல், காரணத்தோடு சொல்லி வையுங்கள். விடுதி நடத்துபவர்கள் விருந்தினர்களிடமும் சொல்ல வேண்டும். மான்கறி கிடைக்குமா என்று கேட்பவர்கள் வரத்தான் செய்கிறார்கள்.

வனத்துறையினர் வந்ததும் இடத்தைப் பார்த்து, கண்டதைச் சாட்சிகள் முன் பதியும் மகஜர் எழுதுவார்கள். கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்வார். இது பொதுவாகப் பகலில்தான் நடக்கும். இரவில் மான் இறந்தால் காலை வரை நாயும் நரியும் அண்டாமல் பார்த்துக்கொள்ளும் வேலை உங்களுக்கு வரலாம். பிறகு உடலை அவர்கள் முன்னிலையில் எரிப்பார்கள் அல்லது புதைப்பார்கள். உங்களிடம் வாக்குமூலம் வாங்குவார்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள். "அவன்தான் சுட்டிருப்பான்" என்ற ஊகம் வேண்டாம். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் தகவல் கொடுத்த நேரம் அதில் இடம்பெறுகிறதா என்று கவனியுங்கள்.

பழைய பங்களா வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவரில் கடமான் கொம்போ காட்டெருமைத் தலையோ மாட்டியிருந்தால், விற்பவரிடம் அதற்குரிய உடைமைச் சான்றிதழைக் கேளுங்கள். சான்றிதழ் இருந்தாலும் அதை விலைக்கு வாங்க முடியாது. வீட்டோடு சேர்ந்து வந்த அலங்காரம் என்று விட்டுவைத்தால் பிரச்சினை உங்களுடையதாகிவிடும். பத்திரப் பதிவுக்கு முன்பே வனத்துறைக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் கொம்பும் இதே கணக்குதான்.

7. மலைப்பாதையில் வண்டியில் மோதினால்

அடிவாரத்திலிருந்து ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுப் பாதையானாலும் குப்பனூர்ப் பாதையானாலும், மாலை ஆறு முதல் எட்டு வரை மெதுவாக ஓட்டுங்கள். ஒரு மான் கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மோதிவிட்டால் வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, வனத்துறைக்கும் 112க்கும் சொல்லுங்கள். மானை டிக்கியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள். நல்லெண்ணம்தான், ஆனால் சோதனைச் சாவடியில் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வண்டிச் சேதத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு உதவாது, சொந்தச் சேதத்துக்கான காப்பீடும் சேர்ந்திருக்க வேண்டும். படங்களை எடுத்துக்கொண்டு அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

8. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்பது

மான், காட்டெருமை, பன்றி மேய்ந்து அழித்த பயிருக்கு வனத்துறை மூலம் இழப்பீடு கேட்கலாம். மனு வனச்சரக அலுவலருக்குப் போக வேண்டும். சேதத்தைக் கண்ட அன்றோ மறுநாளோ கொடுத்துவிடுங்கள். குளம்புத் தடமும் கடித்த நுனியும் பசுமையாக இருக்கும்போது பார்வையிட்டால்தான் எந்த விலங்கு என்று உறுதியாக எழுதுவார்கள். பார்வையிட்டு முடிக்கும்வரை ஒடிந்த செடிகளை வெட்டிச் சுத்தம் செய்துவிடாதீர்கள்.

தேவையானவை இவை: மனு, பட்டா அல்லது சிட்டா, நடப்பு அடங்கல், கிராம நிர்வாக அலுவலரின் சான்று, சேதத்தை மதிப்பிட்டு வேளாண்மைத் துறையோ தோட்டக்கலைத் துறையோ தரும் அறிக்கை, நேரமும் இடமும் பதிந்த படங்கள், ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். குத்தகைக்காரர் என்றால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதமும் குத்தகை ஒப்பந்த நகலும் சேர்த்து வையுங்கள். பட்டாவை அரசின் இணையச் சேவையில் கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மலைப்பகுதியில் பல நிலங்கள் இன்னும் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாகவே கிடக்கின்றன. அந்தச் சிக்கலை இப்போதே தீர்க்கத் தொடங்குங்கள், சேதம் நடந்த பிறகு தீர்க்க நேரம் கிடைக்காது.

செலவு என்று பார்த்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நகல், படப் பிரதி, சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் போய்வரும் பெட்ரோல், வேலை கெட்ட நாள்கள், இவைதான் செலவு. யாராவது இடையில் நின்று வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம்.

இழப்பீடு உடனே வராது. மாதங்கள் ஆகலாம். நடுவில் பதில் இல்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும், விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "என் மனு இப்போது யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது" என்று ஒரே கேள்வி கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கோபமாக நாலு பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு கேள்வி வேகமாக வேலை செய்யும்.

9. மான் வராமல் இருக்க

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் பாய்ச்சுவது கொலைக்குச் சமம். மானும் சாகும், விடிகாலையில் விறகு பொறுக்க வரும் பெண்ணும் சாவாள். சூரிய மின்வேலி போடலாம், ஆனால் தமிழ்நாட்டில் 2023இல் வந்த மின்வேலி விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். அமைப்பதற்கு முன்பே வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு, அந்த ஆண்டுக்கான விகிதத்தை அங்கேயே விசாரியுங்கள். வேலி போட்டால் மட்டும் போதாது. கம்பியில் உரசும் புல்லையும் கொடியையும் அடிக்கடி வெட்டாவிட்டால் மின்துடிப்பு குறைந்து, மான் தாண்டக் கற்றுக்கொள்ளும்.

புதிதாக நட்ட கன்றுகளை மட்டும் காக்க வேண்டுமென்றால் மூங்கில் கூடை போதும். ஓர் ஆள் உயரம் வளரும்வரை தாங்கும், செலவும் குறைவு. வாரம் ஒருமுறை எல்லையைச் சுற்றி நடந்து கம்பிச் சுருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஓடை ஓரத்திலும், வேலியில் விலங்கு நுழையும் ஓட்டையிலும்தான் வைப்பார்கள். கண்டால் பிடுங்கி எறியாமல் படம் எடுத்து வனக்காப்பாளருக்குச் சொல்லுங்கள். யார் வைத்தது என்று அவர்கள் கண்டுபிடிக்கவும் அது உதவும், உங்கள் நிலத்தில் இருந்த சுருக்கு உங்களுடையது இல்லை என்பதற்கும் அதுவே பதிவு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் கோடை தொடங்குவதற்கு முன் சுவர் எழுப்பிவிடுங்கள். மாசி, பங்குனியில் காட்டு ஓடைகள் வற்றியதும் தண்ணீர் தேடி அவை கீழே இறங்கும்.